கேரக்டர், கிரியேச்சர் டிசைனில் முதுகலை: விண்ணப்பம் முதல் ஷோரீல் வரை

தோள்பட்டையிலிருந்து ஆரம்பிக்கிறேன். நான் முதன்முதலில் உருப்படியாகச் செய்ததாக நினைத்துக்கொண்ட உயிரினம், பல்லியும் கழுதைப்புலியும் கலந்த ஒரு நாலு கால் பிராணி. மூன்று வாரம் கணினிமுன் உட்கார்ந்து அதன் தோலில் ஒவ்வொரு செதிலாகச் செதுக்கினேன். அசையாமல் நின்றவரை அழகாகத்தான் இருந்தது. உள்ளே எலும்புகளைப் பொருத்தி முன்னங்காலைத் தூக்கிய அன்று, தோள் பிழிந்த துணி மாதிரி முறுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது. காலைத் தூக்கினால் தோள்பட்டை எலும்பு எந்தப் பக்கம் நகரும் என்று நான் யோசிக்கவே இல்லை. அத்தனை செதில்களும் வீண்.

அனிமேஷனுக்கான உருவ வடிவமைப்பு என்பது நகரப்போகும் ஒன்றை வடிவமைப்பது. இந்தத் துறையில் முதுகலை படிக்க நினைப்பவர்கள் கல்லூரி தேடுவது, போர்ட்ஃபோலியோ (படைப்புத் தொகுப்பு) கட்டுவது, இறுதி ஆண்டுத் திட்டம் எடுப்பது என்று எல்லா இடத்திலும் "இது நகருமா?" என்ற ஒரே கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

படி 1: இந்தப் படிப்பு உங்களுக்கு வேண்டுமா?

ஸ்டுடியோக்கள் வேலைக்கு ஆள் எடுக்கும்போது முதலில் பார்ப்பது போர்ட்ஃபோலியோவை. பட்டம் அப்புறம்தான். மென்பொருள் கற்றுக்கொள்வது மட்டும்தான் நோக்கம் என்றால் முதுகலை தேவையில்லை. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருள் இலவசம், பயிற்சிக் காணொளிகளுக்கும் பஞ்சமில்லை. ஆறு மாதம் ஒழுங்காக உட்கார்ந்தால் கருவிகள் கைக்கு வந்துவிடும்.

உயிரியல், கட்டடக்கலை, சிற்பம், கணினி என்று வேறு துறையிலிருந்து வருகிறவர்களுக்கு இந்தப் படிப்பு நன்றாகப் பயன்படும். ஏற்கெனவே வேலையில் இருந்துகொண்டு, அடுத்தவர் வரைந்ததையே செய்துகொண்டிருக்கிற அலுப்பில் சொந்தமாக யோசிக்க ஒரு வருடம் வேண்டும் என்கிறவர்களுக்கும் பயன்படும். பல்கலைக்கழகத்தில் கற்பிக்க நினைப்பவர்களுக்குப் பட்டம் அவசியம். அமெரிக்காவில் ஓவியம், வடிவமைப்பு போன்ற படைப்புத் துறைகளில் எம்.எஃப்.ஏ. என்ற நுண்கலை முதுகலையே உச்சப் பட்டமாகக் கருதப்படுவதால், கற்பித்தல் வேலைக்கு அது பெரும்பாலும் போதும்.

இன்னொரு காரணமும் உண்டு, விளம்பரக் கையேடுகளில் அதைப் பார்க்க முடியாது. நீங்கள் வடிவமைத்ததை இன்னொருவர் ரிக் செய்ய (அதாவது அசைப்பதற்கான எலும்புக்கூட்டை உள்ளே பொருத்த), வேறொருவர் அசைக்க, அவர்கள் இருவரும் உங்களைத் திட்டுவதைக் காதால் கேட்கும் வாய்ப்பு. வீட்டில் தனியாகக் கற்றுக்கொள்கிறவருக்கு இது கிடைக்காது.

படி 2: பட்டத்தின் பெயரை விட்டுவிட்டுப் பாடத்திட்டத்தைப் படியுங்கள்

"கேரக்டர் அண்ட் கிரியேச்சர் டிசைன்" என்று பட்டத்தின் பெயரிலேயே போட்டிருக்கும் படிப்புகள் குறைவு. பெரும்பாலும் அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸ், கேம் ஆர்ட் என்ற பெரிய கூரையின் கீழே ஒரு சிறப்புப் பிரிவாக இருக்கும். பிரிட்டனில் எம்.ஏ. வழக்கமாக ஒரு வருடம், 180 கிரெடிட். ஐரோப்பாவில் பல நாடுகளில் இரண்டு வருடம், ஐரோப்பியப் பாட அளவான ஈ.சி.டி.எஸ். கணக்கில் 120 புள்ளிகள். அமெரிக்க எம்.எஃப்.ஏ. இரண்டிலிருந்து மூன்று வருடம். இந்தியாவில் எம்.டெஸ். (வடிவமைப்பு முதுகலை) என்ற பெயரில் வரும். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்திலும், ஐ.ஐ.டி. பம்பாயின் ஐ.டி.சி. வடிவமைப்புப் பள்ளியிலும் அனிமேஷனுக்கு முதுகலை உண்டு.

நிறுவனத்துக்கு நிறுவனம் குணம் மாறும். இங்கிலாந்தின் போர்ன்மத் பல்கலைக்கழகத்தில் உள்ள தேசியக் கணினி அனிமேஷன் மையம் கலைக்கும் நிரலாக்கத்துக்கும் நடுவே பாலம் போடும் இடமாகப் பெயர் வாங்கியது. பாரிஸின் கோப்லான் பள்ளியில் வரைகோடும் நடிப்பும் முன்னால் நிற்கும். ஜெர்மனியின் லுட்விக்ஸ்பூர்க் திரைப்படக் கழகத்தில் அனிமேஷன் நிறுவனம் ஒரு திரைப்படப் பள்ளிக்குள்ளேயே இருக்கிறது, ஆகவே இயக்கம், தயாரிப்பு படிக்கிறவர்களோடு சேர்ந்து படம் எடுக்கும் சூழல் அங்கே இயல்பாகவே அமையும். எது உயர்ந்தது என்பதைவிட உங்கள் கை எதை நோக்கிப் போகிறது என்று பாருங்கள்.

பாடத்திட்டத்தைத் திறந்ததும் நான் முதலில் தேடுவது உடற்கூறியல் என்ற சொல்லை. அது இல்லாமல் மென்பொருள் பெயர்களாகவே பட்டியல் ஓடினால் எச்சரிக்கையாக இருங்கள். அப்புறம் ரிக்கிங் கட்டாயப் பாடமா, விருப்பப் பாடமா என்று பார்க்க வேண்டும். டிசைனராகப் போகிறவருக்கு ரிக்கிங் எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் தோள்பட்டைக் கதையைச் சொல்வேன். மூன்றாவதாக, கடந்த இரண்டு, மூன்று வருட மாணவர் படங்களைத் தேடிப் பாருங்கள். எல்லா உயிரினங்களும் ஒரே ஆசிரியரின் கைச்சாயலில் இருந்தால், அங்கே நீங்களும் அப்படித்தான் வெளியே வருவீர்கள். மாணவர் செய்த படைப்பின் உரிமை யாருக்கு என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சில இடங்களில் மாணவருக்கு, சில இடங்களில் நிறுவனத்துக்கு.

படி 3: சேர்வதற்கு முன்பே எலும்பைப் படித்துவிடுங்கள்

இங்கேதான் நேரம் அதிகம் போக வேண்டும். வகுப்பு தொடங்கிய பிறகு இதற்கு நேரம் கிடைக்காது.

போர்ட்ஃபோலியோக்களில் திரும்பத் திரும்பப் பார்க்கிற தப்பு குதிரையின் பின்னங்கால். பின்பக்கமாக மடங்குகிறதே, அதை முழங்கால் என்று நினைத்து வரைந்துவிடுகிறார்கள். அது கணுக்கால். உண்மையான முழங்கால் மேலே, வயிற்றை ஒட்டி இருக்கிறது. குதிரை நடப்பது விரல் நுனியில். நாயும் பூனையும் விரல்களை ஊன்றி நடக்கின்றன. நாமும் கரடியும் பாதம் முழுவதையும் பதிக்கிறோம். இந்த மூன்று வகையில் உங்கள் உயிரினம் எது என்று தீர்மானித்துவிட்டால் பாதி உடம்பு தானாக வந்து உட்காரும்.

ஒட்டகச்சிவிங்கிக்குக் கழுத்தெலும்பு ஏழுதான், நமக்கும் ஏழுதான். வௌவாலின் இறக்கை நீண்டுபோன விரல்கள். பூனை, நாய், குதிரை இவற்றின் தோள்பட்டை எலும்பு விலாக்கூட்டோடு எலும்பால் பிணைக்கப்படவில்லை, தசைகள்தான் அதைத் தாங்குகின்றன. அதனால்தான் பூனை பதுங்கி நடக்கும்போது முதுகுக்கு மேலே அந்த எலும்பு மாறி மாறி எழும்பித் தாழ்கிறது. என் பிராணிக்கு நான் கொடுக்க மறந்தது இதைத்தான்.

அளவும் ஒரு சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. ஓர் உருவத்தின் விகிதத்தை மாற்றாமல் உயரத்தை இரட்டிப்பாக்கினால் எடை எட்டு மடங்காகும், கால் எலும்பின் குறுக்குப்பரப்போ நாலு மடங்குதான் கூடும். ஆக, ஒவ்வொரு எலும்பும் இரண்டு மடங்கு அழுத்தத்தைத் தாங்க வேண்டும். யானைக்குத் தூண் மாதிரிக் கால் இருப்பதும், மானுக்குக் குச்சிக்கால் போதுமாக இருப்பதும் இதனால்தான். மானைப் பெரிதாக்கி அரக்க மான் செய்தால் பார்வையாளருக்குக் காரணம் தெரியாது, ஆனால் ஏதோ பொம்மை மாதிரி இருக்கிறதே என்று தோன்றும்.

ஓர் உதாரணத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். யாளி. சிங்க உடம்பு, யானைத் தும்பிக்கை. கல்லில் பார்க்கும்போது கேள்வியே எழாது. இதை நடக்க வைக்க வேண்டும் என்றால்?

தும்பிக்கையில் எலும்பே கிடையாது, முழுக்கத் தசை. அந்தக் கனம் முகத்தின் முனையில் தொங்கினால் சிங்கத்தின் கழுத்து தாங்காது. கழுத்தைக் குட்டையாக்க வேண்டும், பிடரித் தசையைப் பெருக்க வேண்டும். எடை முன்னால் சாய்வதால் முன்னங்கால்கள் பின்னங்கால்களைவிடத் தடிக்கும். பிடரி மயிர் அந்தத் தசையை மறைக்கும், ஆனால் அசையும்போது மயிருக்கு அடியில் ஏதோ கனமாக உருள்வது தெரிய வேண்டும்.

அடுத்து வாய். யானை தும்பிக்கையால் எடுத்து வாய்க்குள் வைத்துச் சாப்பிடும். சிங்கம் நேராகக் கடிக்கும். யாளி எதையாவது கடிக்கப் பாய்ந்தால் தும்பிக்கை குறுக்கே வந்து நிற்கும். கடிப்பதற்கு முன் அதைத் தூக்கியாக வேண்டும். இந்த இடத்தில் வடிவமைப்பு கதையாக மாறுகிறது. தும்பிக்கை மேலே சுருண்டால் தாக்கப்போகிறது என்று அர்த்தம். எந்த வசனமும் இல்லாமல் பார்வையாளருக்கு ஓர் அபாய அறிவிப்பு கிடைத்துவிட்டது. உடற்கூறியல் படித்தால் கற்பனை குறுகிப்போகும் என்கிறவர்கள் இந்த மாதிரிக் கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை.

அசைவுக்கு 1878இல் புகைப்படக் கலைஞர் எட்வேர்ட் மைபிரிட்ஜ் எடுத்த ஓடும் குதிரைப் படவரிசை இன்றைக்கும் நல்ல பாடம். நாலு குளம்பும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும் கணம் கால்கள் நீட்டியிருக்கும்போது வருவதில்லை, வயிற்றுக்கு அடியில் மடங்கியிருக்கும்போதுதான் வருகிறது. அதற்கு முன் ஓவியர்கள் பலர் மாற்றித்தான் வரைந்துகொண்டிருந்தார்கள்.

படி 4: போர்ட்ஃபோலியோ

எண்ணிக்கையைக் கல்லூரி சொல்லியிருக்கும், அதைத் தாண்டாதீர்கள். சொல்லாவிட்டால் பத்திலிருந்து பதினைந்து பக்கம் தாராளம். சுமாரான ஐந்து படங்களைச் சேர்த்தால் நல்ல பத்தும் சேர்ந்து கீழே இறங்கும்.

முடிந்த படங்களைவிட யோசித்த தடம் முக்கியம். ஓர் உயிரினத்தை எடுத்துக்கொண்டு முதலில் கிறுக்கிய முப்பது குட்டிப்படங்கள், அவற்றில் மூன்றைத் தேர்ந்தெடுத்த காரணம், கறுப்பு நிழலுருவாக மட்டும் வைத்துப் பார்த்த சோதனை, முன்–பக்க–பின் தோற்றங்கள், ஐந்தாறு முகபாவங்கள், நடக்கும்போதும் தூங்கும்போதும் பயப்படும்போதும் எப்படி இருக்கும் என்ற கோட்டுப்படங்கள் இவற்றையெல்லாம் ஒரே தொகுப்பாக வையுங்கள். தூங்கும் தோற்றத்தை யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் இறக்கையை எங்கே மடித்து வைத்துக்கொண்டு தூங்கும் என்று யோசித்தவரின் டிசைன் தனியாகத் தெரியும்.

நிழலுருச் சோதனை சுலபம். படத்தை முழுக்கக் கறுப்பாக்கி, கட்டைவிரல் நக அளவுக்குச் சுருக்குங்கள். யார், எந்தப் பக்கம் பார்க்கிறது, என்ன மனநிலை என்ற மூன்றில் குறைந்தது இரண்டு தெரியவில்லையென்றால் திரும்பவும் வரையுங்கள். நிறமும் தோல் விவரமும் பலவீனமான உருவத்தைக் காப்பாற்றாது.

நேரில் பார்த்து வரைந்த படங்கள் கட்டாயம் வேண்டும், மனித உடல், விலங்கு இரண்டும். டிஜிட்டல் படிப்புக்குப் பென்சில் படம் எதற்கு என்று தோன்றலாம். தேர்வுக்குழு அதைத்தான் முதலில் திறக்கும், ஏனென்றால் அங்கே மென்பொருள் உதவிக்கு வராது.

செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. கல்லூரியின் விதியைப் படித்து அதன்படி நடங்கள், பயன்படுத்தியிருந்தால் எங்கே என்று எழுதிவிடுங்கள். மறைத்தால் நேர்காணலில் "இந்த முட்டி ஏன் இப்படி?" என்ற ஒரே கேள்வியில் வெளியே வந்துவிடும். அந்த முட்டியைப் பற்றி யோசித்தவர் யாரும் இல்லையே.

படி 5: நோக்க அறிக்கையும் நேர்காணலும்

சின்ன வயதிலிருந்தே கார்ட்டூன் பிடிக்கும் என்று ஆரம்பிக்காதீர்கள். எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். நீங்கள் விடை தேடும் ஒரு கேள்வியை எழுதுங்கள்: உதடே இல்லாத பறவை எப்படி வெட்கப்படும்? கண் இல்லாத பிராணிமேல் பார்வையாளருக்கு எப்படி இரக்கம் வரவைப்பது? அந்தக் கேள்விக்கு அந்தக் கல்லூரி ஏன் பொருத்தம் என்பது அடுத்த பத்தி. ஆங்கிலத்தில் நடக்கும் படிப்புகளுக்கு ஐ.இ.எல்.டி.எஸ். 6.5 அளவில் கேட்பது வழக்கம், தேர்வைக் கடைசி நேரத்துக்கு வைக்காதீர்கள்.

படி 6: முதல் பருவம், களிமண்ணிலிருந்து கம்பி வலை வரை

வகுப்பில் வேலை ஓடும் வரிசை ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றுதான். வரைபடம், பிறகு டிஜிட்டல் சிற்பம், ரீடோப்பாலஜி, யூவி விரிப்பு (உருவத்தின் மேற்பரப்பைத் தட்டையாக விரிப்பது), டெக்ஸ்ச்சர் (அதன்மேல் நிறமும் தோல் விவரமும் போடுவது), ரிக், சோதனை அசைவு, கடைசியில் ஒளியும் ரெண்டரும் (கணினி இறுதிப் படத்தை ஆக்குவது).

சிற்பத்துக்கு ஸீபிரஷ் மென்பொருள்தான் பல வருடங்களாக ஆட்சி செய்கிறது, பிளெண்டரும் நன்றாக வளர்ந்துவிட்டது. எதுவானாலும் பெரிய வடிவத்தில் நில்லுங்கள். மண்டை, விலாக்கூடு, இடுப்பு இந்த மூன்று உருண்டைகளும் சரியாகச் சாயும்வரை சின்னத் தூரிகையைத் தொடாதீர்கள். தோல் சுருக்கத்துக்குப் போக மனசு அரிக்கும். எனக்கும் அரித்தது.

செதுக்கிய மாதிரியில் பல லட்சம் முகங்கள் (மேற்பரப்பை ஆக்கும் சின்னச் சின்னத் தட்டைத் துண்டுகள்) இருக்கும், அதை அப்படியே அசைக்க முடியாது. மேலே நாற்கர முகங்களால் ஒரு சுத்தமான வலையைப் போர்த்துவதுதான் ரீடோப்பாலஜி. நாற்கரம்தான் வேண்டும் என்பதற்குக் காரணம் இருக்கிறது. 1978இல் கணினி வரைகலை ஆய்வாளர்கள் எட்வின் கேட்முல்லும் ஜிம் கிளார்க்கும் வெளியிட்ட மேற்பரப்புப் பகுப்பு முறைதான் இன்றும் மாதிரிகளை வழுவழுப்பாக்கப் பரவலாகப் பயன்படுகிறது. நாற்கர வலையில் அது சீராக வேலை செய்யும், முக்கோணம் வந்தால் அந்த இடத்தில் பளபளப்பு கிள்ளிவிட்ட மாதிரித் தெரியும்.

வலையின் கோடுகள் தசை ஓடும் திசையில் ஓட வேண்டும். வாயைச் சுற்றி வளையங்கள், கண்ணைச் சுற்றி வளையங்கள், மூக்கோரத்திலிருந்து வாயோரத்துக்கு இறங்கும் சிரிப்புக்கோட்டை ஒட்டி ஒரு ஓட்டம். முழங்கையில் குறைந்தது மூன்று வளையம் வைத்தால் மடக்கும்போது கை குழாய் மாதிரி நசுங்காது. ஐந்து கோடுகள் ஒரு புள்ளியில் கூடும் இடங்களைத் தவிர்க்க முடியாது, அவற்றை அதிகம் நீளாத, மடங்காத பகுதிக்குத் தள்ளிவிடுங்கள்.

கைகளை முழுக்கப் பக்கவாட்டில் விரித்து நிற்க வைப்பதைவிட, பாதி இறக்கி நிற்க வைத்தால் தோளுக்கு நல்லது. பாத்திரம் கையைத் தொங்கவிட்டுத்தான் அதிக நேரம் இருக்கப்போகிறது, அந்த நிலைக்குப் பக்கத்தில் வலையைக் கட்டினால் தசை குறைவாகவே இழுபடும்.

இப்போது என் பழைய தவற்றுக்கான மருந்து. முதல் வாரத்திலேயே, சிற்பம் வெறும் உருண்டைகளாக இருக்கும்போதே, ஓர் எளிய எலும்புக்கூட்டைப் பொருத்தி நாலு அடி நடக்க வையுங்கள், உட்கார வையுங்கள், திரும்பிப் பார்க்கச் சொல்லுங்கள். தொடை வயிற்றில் இடிக்கிறதா, கொம்பு முதுகில் குத்துகிறதா, வால் தரையில் புதைகிறதா என்று அரைமணி நேரத்தில் தெரிந்துவிடும். அந்த நிலையில் திருத்துவது சுலபம். டெக்ஸ்ச்சர் போட்டபிறகு திருத்துவது வீட்டைக் கட்டிவிட்டு அஸ்திவாரத்தை நகர்த்துகிற வேலை.

படி 7: முகம்

உளவியலாளர்கள் பால் எக்மனும் வாலஸ் ஃப்ரீசனும் 1978இல் வெளியிட்ட முகச்செயல் குறியீட்டு முறை, முகத்தின் ஒவ்வொரு தசை அசைவுக்கும் ஓர் எண் கொடுக்கிறது. 12ஆம் எண் வாயோரத்தை மேலே இழுக்கும், 6ஆம் எண் கன்னத்தை உயர்த்திக் கண்ணோரத்தைச் சுருக்கும். 12 மட்டும் வந்தால் மரியாதைக்குச் சிரிக்கிற சிரிப்பு, 6ம் சேர்ந்தால் மனசாரச் சிரிக்கிற சிரிப்பு. முக ரிக்கில் வடிவங்களைப் பிரிக்கும்போது இந்த எண்கள் கைகொடுக்கும்.

மனித முகத்தை அப்படியே விலங்கின் மேல் ஒட்டினால் கோரமாகிவிடும். நாய், பூனை, குதிரை, சிம்பன்சி இவற்றுக்கெல்லாம் தனித்தனிக் குறியீட்டு முறைகள் இருக்கின்றன. நாய்களுக்கு உள்புருவத்தைத் தூக்கும் ஒரு தசை இருக்கிறது, ஓநாய்களில் அது அப்படி வளர்ந்திருக்கவில்லை என்று 2019இல் ஓர் ஆய்வு சொன்னது. நாய் கெஞ்சுகிற மாதிரிப் பார்ப்பதில் அந்தத் தசைக்குப் பெரிய பங்கு. ஆகவே ஓநாய்ப் பாத்திரத்துக்கு அதைக் கொடுப்பதா வேண்டாமா என்பது நீங்கள் எடுக்கும் முடிவு. கொடுத்தால் பார்ப்பவர் உருகுவார், கொடுக்காவிட்டால் கொஞ்சம் பயப்படுவார். முகமே அசையாத உயிரினமென்றால் கொண்டை, காது, தலைச்சாய்வு, மூச்சின் வேகம் இவற்றுக்கு நடிப்பை மாற்றுங்கள்.

மனிதச் சாயல் கூடக்கூட ஓர் எல்லையில் அருவருப்பு தட்டும் என்று ஜப்பானிய ரோபோ ஆய்வாளர் மசாஹிரோ மோரி 1970இலேயே எழுதினார். மாணவர் படங்களில் இந்தச் சிக்கல் அநேகமாகக் கண்ணில்தான் இருக்கும். இமை கண்விழியின் மேல் சரியாகப் படியாது, விழியோரத்தில் ஈரம் இருக்காது. முதலில் அங்கே பாருங்கள்.

படி 8: இறுதித் திட்டம்

ஐந்து உயிரினங்கள் கொண்ட உலகம் என்று முன்மொழிவு எழுதாதீர்கள். ஒன்று போதும். அதன் குட்டி, வயோதிகம், அடிபட்ட நிலை என்று மூன்று தோற்றம் காட்டினால் ஐந்து உயிரினங்களைவிட அழுத்தமாக இருக்கும்.

பல நிறுவனங்களில் படைப்போடு ஓர் ஆய்வறிக்கையும் கேட்பார்கள். அதைக் கடைசி மாதத்தில் எழுதினால் சக்கை மாதிரி வரும். தினமும் ஐந்து வரி குறிப்பு வைத்துக்கொள்ளுங்கள்: இன்று எதை மாற்றினேன், ஏன், எது தோற்றது. அந்தக் குறிப்பேடே அறிக்கையின் முதுகெலும்பு. மென்பொருளின் மாணவர் உரிமத்தையும் ஒருமுறை படித்துவிடுங்கள், பலவற்றை வணிக வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது.

படி 9: ஷோரீல்

ஷோரீல் என்பது உங்கள் சிறந்த வேலைகளைத் தொகுத்த சிறு காணொளி. ஒன்றரை நிமிடம் போதும். சிறந்தது முதலில், இரண்டாவது சிறந்தது கடைசியில். ஒவ்வொரு உருவமும் தன் அச்சில் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றட்டும், பிறகு அதே சுற்றில் கம்பி வலை தெரியட்டும், பிறகு ஒரு சிறு அசைவு. இசை சத்தமாக வேண்டாம், பார்ப்பவர் அநேகமாக ஒலியை நிறுத்தி வைத்துத்தான் பார்ப்பார். கூட்டாகச் செய்த வேலை என்றால் திரையின் கீழே "வடிவமைப்பும் சிற்பமும் நான், ரிக் இன்னார்" என்று எழுதுங்கள். துறை சின்னது, அந்த இன்னாரையும் ரீலைப் பார்ப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

என் பல்லி–கழுதைப்புலியைப் பிற்பாடு முதலிலிருந்து செய்தேன், செதிலே இல்லாமல். ரீலில் அது வருவது ஆறு விநாடி. முன்னங்காலைத் தூக்கி, எட்டிப் பார்த்து, கீழே வைக்கும். நேர்காணலில் அந்த ஆறு விநாடியை மட்டும் திரும்பப் போடச் சொன்னார்கள்.